தயவுசெய்து சனிக்கிழமை பஸ் அனுப்ப வேண்டாம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சக்திவேல் அவர்களுக்கு, நெல்லிவாசல்நாட்டிலிருந்து உங்கள் அக்கா புருஷன் ராஜாக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா செல்லம்மா, மகள் வெண்ணிலா மூவரும் நல்ல சுகம். அங்கே தாங்களும் தங்கச்சி மஞ்சுளாவும் பிள்ளைகளும் அதுபோலவே இருக்க மலைமேல் இருக்கும் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன். சாமை அடித்து மூட்டை கட்டியாயிற்று. புளி இந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. வயதில் சின்னவர் என்றாலும் டெப்போவில் பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிற உத்தியோகத்தில் இருப்பவர் என்பதால் மரியாதையில் குறை வைக்காமல் எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டில் ஏறி நின்று கத்த வேண்டும், இது கத்துகிற விஷயமில்லை. அதனால் நாளை காலேஜுக்குக் கீழே வரும் வெண்ணிலா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வெள்ளோட்டம் வரப்போகும் பஸ்ஸைத் தாங்கள் எப்பாடு பட்டாவது நிறுத்திவிட வேண்டும்.

பதற வேண்டாம். பஸ் பஸ் என்று வருஷக்கணக்காக உங்கள் உயிரை வாங்கியவன் நான்தான், மறக்கவில்லை. மழையில் சிறுபாலம் அடித்துக்கொண்டு போனபோது நின்ற பஸ், பாலம் கட்டிய பிறகும் திரும்பி வரவில்லை. கேட்டதற்குத் தாங்கள், "மாமா, ரோட்டோரம் ஒரு நிழற்குடை இருக்கணும், அதுல ஜனம் நிக்கணும், அப்பத்தான் நான் மேல பேச முடியும்" என்றீர்கள். ஜனம் எங்களிடம் நிறைய இருக்கிறது, நிழற்குடைதான் இல்லை. இதில் அவசரம் எங்கள் எல்லோரையும் விட வெண்ணிலாவுக்கு. சின்னராஜ் ஓட்டுகிற ஷேர் ஜீப்பு ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், நிரம்பி, இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடுகிறது. ஹாஸ்டலில் விட்டுப் பார்த்தோம், ஒரே வாரத்தில் காய்ச்சலோடு வந்துவிட்டாள். அட்டெண்டன்ஸ் இன்னும் குறைந்தால் ஏப்ரல் பரீட்சை எழுத முடியாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். எழுதாவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி. இதெல்லாம் தங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தகப்பன் எழுதும்போது எழுதத்தான் தோன்றுகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் மலைநாட்டு மக்கள் விழா நடத்துகிற அறக்கட்டளைக்காரர்கள் ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டினார்கள். 'பங்கேற்பு நிறுவல் கலைக்குச் சிறுநல்கை' என்று தலைப்பு. உங்கள் அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நல்ல கையா? யாரு கையாம்?" என்றாள். அறக்கட்டளையிலிருந்து அமுதவல்லி என்று ஒரு பெண் வந்து விளக்கினாள். ஊரில் ஒரு இடத்தில் ஏதாவது ஒன்றை நிறுவ வேண்டும், ஜனங்கள் அதைத் தூர நின்று பார்க்கக் கூடாது, உள்ளே வந்து, உட்கார்ந்து, தொட்டு, பேசி அதில் பங்கெடுக்க வேண்டும், அப்படிப்பட்ட யோசனை யாரிடம் இருந்தாலும் செலவுக்குப் பணம் தருவோம் என்றாள். கேட்ட உடனே எனக்கு விளங்கிவிட்டது மச்சான். ஜனங்கள் வந்து உட்கார்ந்து பேசுகிற இடம் பஸ் ஸ்டாப்பை விட்டால் வேறென்ன இருக்கிறது? 'எங்கள் ஊருக்கு பஸ் வராது. பஸ் ஸ்டாப் வைக்க விரும்புகிறோம். ஜனங்கள் அதில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒரு எழுத்து இல்லை. அமுதவல்லி படித்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள், கோவித்துக்கொண்டாளோ என்று நான் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவளோ, "ஐயா, இது எவ்ளோ பெரிய கான்செப்ட்டு தெரியுமா?" என்றாள். தெரியும் என்று தலையாட்டிவிட்டேன்.

மூங்கில் கால் நட்டு, மேலே தகரம் போட்டு, உட்காரக் கல் பலகை வைத்தோம். தொடுவதற்கு ஏதாவது வேண்டுமே என்றாள் அமுதவல்லி. சின்னராஜ் ஏதோ பழைய லாரியில் கழற்றி வைத்திருந்த ரப்பர் பந்து ஹாரனைப் பெருந்தன்மையாகக் கொடுத்தான், தூணில் கட்டினோம். காத்திருப்பவர் அதை அமுக்கலாம். வாசலில் பலகை வைத்தார்கள். 'காத்திருப்பு. படைப்பு: ராஜாக்கண்ணு.' ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்ட்டிலும் தவிர என் பெயரை நான் எங்கேயும் பார்த்ததில்லை மச்சான். புளி உலுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

விழா தொடங்கிய அன்னிக்கு வெளியூரிலிருந்து நிறையப் பேர் வந்தாங்க. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் முதல் ஆளா ஹாரனைப் பிடிச்சு அமுக்கினார். அவ்வளவுதான், பஸ் வந்துடுச்சுன்னு ஊரே கிளம்பிடுச்சு. உங்க அக்கா தலையில புளி மூட்டையோட முன்னால, பக்கத்து வூட்டு பஞ்சாட்சரம் தோள்ல ஆட்டுக்குட்டியோட பின்னால, அவனுக்குப் பின்னால சந்தைக்குப் போற கூட்டம் மொத்தமும். வந்து பார்த்தா ரோடு காலி. உங்க அக்காவுக்கு வந்த கோவத்தை நான் சொல்லணுமா, நீங்க கூடப் பொறந்தவர். மூட்டையைத் தொப்புன்னு போட்டுட்டு, "இன்னா விளையாட்டு இது? பாத்தா பெரிய மனுசனாட்டம் கீற, ஹாரன் அடிச்சியே, பஸ்ஸு எங்க?"ன்னு அந்தப் பெரியவரைப் பிடிச்சுக்கிட்டா. கூட்டம் கை தட்டுச்சு. "இன்னாத்துக்குத் தட்டுற?"ன்னா. அதுக்கும் தட்டுச்சு. அமுதவல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இதுதான் ஐயா பங்கேற்பு!"ன்னு கண் கலங்கிட்டா. எனக்குப் பொன்னாடை போர்த்தினாங்க. உங்க அக்கா அந்தப் பொன்னாடை மேலயே புளி மூட்டையை ஏத்தி என்னை வூட்டுக்கு நடக்க வெச்சா.

அதுக்கப்புறமும் வர்றவங்க போறவங்க எல்லாரும் அமுக்கிக்கிட்டேதான் இருந்தாங்க. ஜனமும் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. எனக்கே பொறுக்காம பஞ்சாட்சரத்தை ஓரமா இழுத்து, "பொய்யின்னு தெரியுதில்ல, இன்னாத்துக்குடா ஓடியாற?"ன்னு கேட்டேன். அவன் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கிட்டே, "நெசமாவே வந்துட்டா இன்னா பண்றது?"ன்னான். அந்தக் கேள்வியைத்தான் மச்சான், இன்னி வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். வேடிக்கை பார்க்க வந்தவங்களுக்கு அது ஒரு சத்தம். எங்க ஜனத்துக்கு அது சந்தை, ஆஸ்பத்திரி, தாலுக்கா ஆபீசு. ஒரே ஹாரனை ரெண்டு கூட்டமும் கேக்குது, ஒண்ணு சிரிக்குது, ஒண்ணு ஓடுது. நான் பொன்னாடையோட நடுவுல நிக்கிறேன்.

இதுக்கு நடுவுல ஜீப்பு விவகாரம் வேற. சின்னராஜ் தினம் காலையில நிழற்குடைக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி ஆள் ஏத்துவான். விழாக் கமிட்டிக்காரர் ஒருத்தர் வந்து ரொம்பப் பணிவா, "அண்ணே, இது பஸ் வராத ஸ்டாப்பு, வண்டி நின்னா வெறுமை கெட்டுடுது"ன்னார். "இன்னா கெட்டுடுச்சு?"ன்னு சின்னராஜ் பதறிப் போய் ஆயில் ஒழுகுதான்னு வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தான். விஷயம் புரிஞ்சதும் அவனுக்கு ரோஷம் வந்துடுச்சு. "ஹாரன் குடுத்ததே நானு, என் வண்டி நிக்கக் கூடாதா? உங்க வெறுமையில நீங்களே ஏறிப் போங்க"ன்னுட்டு இப்ப ஊருக்குள்ளயே வர்றதில்ல. கீழ மொட்டைப் பாறைகிட்ட நிக்குது ஜீப்பு. அது வரைக்கும் வெண்ணிலா நடந்து போறா. முன்னாடி ஒரு வகுப்பு போச்சு, இப்ப ரெண்டு போகுது. நல்லதுக்குன்னு வெச்ச பஸ் ஸ்டாப்பு, இருந்த ஜீப்பையும் விரட்டிடுச்சு.

இப்படி இருக்கும்போதுதான் நீங்க மேலிடத்துல பேசி, ஜனம் நிக்கிற போட்டோவெல்லாம் காட்டி, சனிக்கிழமை வெள்ளோட்டம் போட்டுட்டீங்கன்னு தகவல் வந்துச்சு. சந்தோஷத்துல நேரா அமுதவல்லிகிட்ட ஓடினேன். அவ முகம் சின்னதாப் போச்சு. விழாவுல எது சிறந்ததுன்னு பார்க்கிற நடுவர்கள் ஞாயித்துக்கிழமைதான் வர்றாங்களாம். அவங்க தேர்ந்தெடுத்தா நிழற்குடை நிரந்தரமா இருக்கும், மெட்ராஸ்ல பெரிய கண்காட்சியில என் பேரோட போட்டோ வைப்பாங்க. தேர்ந்தெடுக்கலன்னா விழா முடிஞ்சதும் பிரிச்சு எடுத்துடணும், நல்கைக்கு அதுதான் விதி. "அதுக்கு முன்னாடி பஸ் வந்துட்டா, இது வெறும் பஸ் ஸ்டாப்பு தானே ஐயா?"ன்னா.

அந்த ஒரு வார்த்தை என்னை ரொம்பப் படுத்துது மச்சான். மத்தியானம் போய் அந்தக் கல் பலகையில தனியா உக்காந்து பார்த்தேன். வெறும் பஸ் ஸ்டாப்புக்குத்தானே நான் ஆசைப்பட்டேன். எப்ப எனக்கு அது பத்தாமப் போச்சு? ஆனா நீங்களே நியாயம் சொல்லுங்க. பஸ் வந்தா நிழற்குடை போயிடும், நிழற்குடை போனா உங்க மேலிடம் பஸ்ஸை எடுத்துடும். நிழற்குடை நிலைக்கணும்னா பஸ் வரக் கூடாது, பஸ் வரணும்னா நிழற்குடை நிலைக்கணும். இந்தச் சிக்கலை அவிழ்க்கிறதுக்கு நான் நேரம் குறிக்கிறவன் இல்ல, நீங்கதான் அந்த உத்தியோகத்துல இருக்கீங்க. இந்தச் சனிக்கிழமை விட்டா அடுத்து எப்பன்னு சொல்ல முடியாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. மனசு வெச்சா உங்களால திங்கக்கிழமை அனுப்ப முடியாதா? பஞ்சர்னு சொல்லுங்க. டிரைவருக்கு வயித்து வலின்னு சொல்லுங்க. இத்தனை வருஷம் வராத பஸ்ஸு இன்னும் ரெண்டு நாள் வராம இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம்?

நானும் சுயநலத்துக்காகக் கேட்கவில்லை. எல்லாம் ஊருக்காக, முக்கியமாக வெண்ணிலாவுக்காகத்தான். தங்கச்சி மஞ்சுளாவுக்கு நல்ல புளியாகப் பார்த்துக் கொட்டை எடுத்து வைத்திருக்கிறாள் உங்கள் அக்கா, கொடுத்து அனுப்ப வழி கிடைத்ததும் வந்து சேரும். பிள்ளைகள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாகப் படித்து, உங்களைப் போல ஊருக்கு உபகாரமாக உயர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா,
ராஜாக்கண்ணு
(காத்திருப்பு)

பின்குறிப்பு: மாமா, இது வெண்ணிலா எழுதுறேன். அப்பா கவரை ஒட்டாமலே குடுத்துட்டாரு. மொட்டைப் பாறைகிட்ட ஜீப்பு நிரம்பறதுக்குள்ள முழுசும் படிச்சிட்டேன். அப்பா எழுதினது எதையும் கேக்காதீங்க. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல, அவரு இவ்ளோ சந்தோஷமா நடந்து நான் பாத்ததே இல்ல. நிழற்குடையைப் பிரிச்சா பிரிச்சிட்டுப் போகட்டும், நான் வெயில்லயே நின்னு ஏறிக்கிறேன். நேத்து புதுசா ஒரு விழா நோட்டீஸ் வந்துச்சு. அந்தக் கல் பலகையில ஒரு பொண்ணு மடியில பையை வெச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, பின்னாலேருந்து எடுத்த போட்டோ, கீழ 'பங்கேற்பாளர்'னு போட்டிருக்கு. அப்பா அதைக் கையில வெச்சுக்கிட்டு, "யாரோ பட்டணத்துப் பொண்ணு, காத்திருக்கிற மாதிரி இன்னா தத்ரூபமா நடிச்சிருக்கா பாரு"ன்னு அம்மாகிட்ட காட்டினாரு. அம்மா என்னைத்தான் பாத்தாங்க. அது நான்தான் மாமா, ஜீப்பு ஊருக்குள்ள வந்துக்கிட்டு இருந்தப்ப எடுத்தது. நான் பங்கெடுக்கல. அன்னிக்கு எனக்கு லேப் பரீட்சை. சனிக்கிழமையே அனுப்புங்க.