பந்து தூக்கிக் கொடுப்பவன்

“இன்னைக்கு பிராக்டிஸ் இல்லையாங்க?”

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்தான் மனைவி ஜெயந்தினி கேட்டாள். உண்மையைச் சொல்லச் சுதாகரனுக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் அவன் சப்பாத்து நாடாவைக் கட்டினான்.

“இருக்கே. இல்லாம என்ன?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராகலை பஸ் நிலையத்துக்கு நடந்தான். நுவரெலியாவில் அவன் ஆடிவந்த வாலிபால் கிளப் முந்தின நாள்தான் அவனை நிறுத்தியிருந்தது. கடிதம் ‘இதுவரை தாங்கள் ஆற்றிய சேவைக்கு நன்றி’ என்று தொடங்கியது. அந்த வரிக்கு மேல் அவன் படிக்கவில்லை. மற்றப் பத்துக் கிளப்புகளின் கடிதங்களும் அப்படித்தான் தொடங்கின.

வாலிபாலில் சுதாகரன் செட்டர். கீழே வருகிற பந்தை விரல் நுனியால் வாங்கி, வலைக்கு மேலே அளவாகத் தூக்கிக் கொடுப்பவன். அதை ஓங்கி அடிப்பது இன்னொருவன். கைதட்டல் அடித்தவனுக்கு. பதினான்கு வருடத்தில் பதினொரு கிளப்புக்கு அவன் பந்து தூக்கிக் கொடுத்திருந்தான். குருநாகலில் ஒரு பஸ் கம்பெனி, மாத்தறையில் ஒரு மீன் டின் கம்பெனி, மாலைதீவில் இரண்டு சீசன், பதுளையில் ஒன்றரை. எங்கேயாவது ஒரு நல்ல செட்டருக்கு முழங்கால் பிசகினால் இவனைக் கூப்பிடுவார்கள். முழங்கால் சரியானதும் அனுப்பிவிடுவார்கள். அடுத்தவர் முழங்காலை நம்பித்தான் அவன் குடும்பம் நடந்தது.

பதுளையில் நிறுத்தியபோது அவன் பத்தொன்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், குளிக்கச் சொன்னால் குளித்தான். பேசவில்லை. இருபதாவது நாள் நுவரெலியாவிலிருந்து போன் வந்தது. இப்போது வயது முப்பத்தெட்டு. இனி எந்தப் போனும் வராது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பத்தொன்பது நாளை ஜெயந்தினிக்கு இன்னொரு தடவை கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

நுவரெலியா வரை போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். பாதி வழியில், தனக்கு யாரையும் தெரியாத ஒரு தோட்டத்தில் இறங்கிக்கொண்டான். தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே ஒரு வெறும் மைதானம் இருந்தது. ஓரத்தில் ஒரு கல்லில் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தான். பிறகு பீலியில் கொட்டுகிற தண்ணீரில் சட்டையை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

“நல்லா வேலை வாங்குறாங்க போல” என்றாள் ஜெயந்தினி, ஈரச் சட்டையை வாங்கிக்கொண்டே.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. மூன்று நாளும் சட்டை நனைந்தது. மூன்றாம் நாள் சளியும் பிடித்தது.

நான்காம் நாள் மைதானத்தில் ஒரு வலை கட்டியிருந்தது. பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு நேராக வந்த பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிலர் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. முன்னால் நின்ற பேச்சியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“நீங்க வாலிபால் ஆடுற ஆளுங்களா?”

“ஆமா.”

“நாங்களும் ஆடுறவங்கதான். ரொம்ப வருசமா ஆடுறோம். சொல்லிக்குடுக்கத்தான் ஆளில்ல.”

சுதாகரன் வலையைப் பார்த்தான். அது இடுப்பு உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. பேச்சியம்மா தன் திறமையைக் காட்டப் பந்தை வீசினாள். அது அவளுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது. எடுத்துவந்தவள் அதைக் காலால் உதைத்துக் கொடுத்தாள்.

“எத்தனை வருசமா?” என்று கேட்டான்.

“நடுவுல மழை ஜாஸ்திங்க மாஸ்டர். பழக்கம் விட்டுப்போச்சு.”

அவன் போய் வலையை உயர்த்திக் கட்டினான். அன்றைக்கு அவன் சட்டை தானாக நனைந்தது.

பக்கத்து வீட்டில் குகநேசன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பாடசாலை ஆசிரியர், பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பவர். இரண்டாவது வாரம் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“தம்பி, கண்டியில நடந்த மட்ச்சில உம்மட பேரைக் காணேல்லையே?”

ஜெயந்தினி வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“வெரல் சுளுக்கிடுச்சு சேர்” என்றான் சுதாகரன்.

“சொல்லவே இல்லையே!” என்று ஓடி வந்தாள் ஜெயந்தினி. எந்த விரல் என்று கேட்டாள். அவன் யோசித்து ஒன்றை நீட்டினான். மஞ்சள் பத்துப் போட்டுத் துணி சுற்றிவிட்டாள். விரல் வாழைப்பூ மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் மைதானத்தில் அந்த விரலோடு அவனால் பந்தைத் தொட முடியவில்லை. பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அவன் வாயால் சொல்லிக்கொடுத்தான்.

“பந்தை அடிக்காதீங்க. புடிக்கவும் வேணாம். கொழுந்து கிள்ளுறப்ப வெரல் எப்புடி இருக்கும்? அந்த மாதிரி வாங்கி மேல விடுங்க.”

பேச்சியம்மா அப்படியே செய்தாள். பந்து அவள் விரலிலிருந்து சத்தமில்லாமல் எழும்பி, வலைக்கு மேலே ஒரு கணம் நின்றது. பதினான்கு வருடமாகத் தன் கை மட்டும் அறிந்திருந்த ஒன்று இன்னொருவர் கைக்குப் போனதைச் சுதாகரன் பார்த்துக்கொண்டு நின்றான். மூக்கை உறிஞ்சினான். சளி என்று சொல்லிச் சமாளித்தான்.

ஆனால் குகநேசன் விடவில்லை. இரண்டு வாரம் கழித்தும் வேலிக்கு மேலாகக் கேட்டார்.

“விரல் இன்னும் மாறேல்லையோ? எக்ஸ்ரே எடுத்துப் பாக்கவேணும். நாளைக்கு எனக்கு லீவு, நானே உம்மைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போறன்.”

“வேணாம் சேர். நான் இனி ஆடப் போறதில்ல. என்னைய கோச்சா போட்டுட்டாங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. குகநேசன் வேலியைச் சுற்றி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், சுளுக்கிய விரலையும் சேர்த்து. அன்று சாயந்தரத்துக்குள் ராகலை கடைத்தெருவுக்கே செய்தி போய்விட்டது. இறைச்சிக் கடைக்காரர்கூட “கோச் சேர்” என்று கூப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் குகநேசன் மறுபடி வந்தார். “தோட்டத்துப் பொம்பிளையளின்ட வாலிபால் போட்டி ஒண்டு ஞாயிற்றுக்கிழமை வைக்கிறம். பரிசு குடுக்க நீர்தான் வரவேணும். கிளப் ஜேர்சியோட மேடையில இருந்தா நல்லா இருக்கும்.”

அதே போட்டிக்குப் பேச்சியம்மா பெயர் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரே நேரத்தில் சுதாகரன் கிளப் கோச்சாக மேடையிலும், தோட்டத்து மாஸ்டராக மைதானத்திலும் இருக்கவேண்டும். கிளப் ஜேர்சியை அவன் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை பகல் வீட்டுக்குள் நுழைந்தபோது மெஷின் பக்கத்தில் சிவப்புச் சட்டைகள் அடுக்கியிருந்தன.

“இது யாருக்கு?”

“ஏதோ தோட்டத்து டீமாம். அளவு குடுத்துட்டுப் போனாங்க.”

எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டு சட்டை. ஜெயந்தினி தைத்துக்கொண்டிருந்தது பதின்மூன்றாவது. அது மட்டும் பெரிது.

“இது?”

“அவங்க மாஸ்டருக்காம். அளவு தரல. ஒங்க அளவுக்கு வெட்டிட்டேன்.”

சுதாகரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மெஷின் நின்றது.

“ஜெயந்தினி, என்னைய நிப்பாட்டிட்டாங்க.”

“தெரியும்.”

“ஒரு மாசத்துக்கு மேல ஆகுது.”

“தெரியுங்க. ஜேர்சியத் திருப்பித் தரச் சொல்லி மொத நாளே கிளப்புல இருந்து போன் பண்ணாங்க.”

“வெரல்கூட...”

“அதுவுந்தான். நீங்க எடது கையக் காட்டுனீங்க, அடுத்த நாள் வலது கைய நீட்டுனீங்க. நான் ரெண்டுலயும் கட்டிவிட்டேன்.”

“ஏன் கேக்கல?”

அவள் நூலைப் பல்லால் அறுத்தாள். “நீங்க சொவத்தப் பாக்காம பஸ் ஏறிப் போனீங்க. அது போதும்னு இருந்துட்டேன்.”

ஞாயிறு காலை அவன் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு குகநேசனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். குகநேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இவையளுக்கு நீர்தானே கோச்?”

“ஆமா சேர்.”

“அப்ப கோச் எண்டது பொய்யில்லைத்தானே? போம், அங்க போய் நில்லும். பரிசை நான் குடுக்கிறன்.”

முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ஆனால் சும்மா தோற்கவில்லை. முதல் செட் போயிற்று, இரண்டாவதை எடுத்தார்கள். மூன்றாவதில் பதின்மூன்று வரை சேர்ந்தே போய், பதினைந்தில் விட்டார்கள். பேச்சியம்மா தூக்கிக் கொடுத்த பந்துகளைப் பார்த்து எதிர்த் தோட்டத்து ஆட்களே கைதட்டினார்கள். கூட்டத்தில் ஜெயந்தினி எழுந்து நின்று தட்டினாள். செட்டருக்குக் கைதட்டல் விழுவதைச் சுதாகரன் அன்றுதான் கேட்டான்.

ஆட்டம் முடிந்து, மைதான ஓரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாவிடம் வந்தான்.

“அக்கா, எல்லா டீமும் வேணாம்னு தள்ளுன ஆளு நான். போக எடமில்லாமத்தான் ஒங்க கிரவுண்டுக்கு வந்தேன். இத்தனை வருசமா ஒரு டீமு மாஸ்டர் இல்லாம அங்க காத்துக்கிட்டு இருந்துச்சு பாருங்க, அது என் நல்ல நேரம்.”

பேச்சியம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கூட்டத்துக்குள் ஜெயந்தினி எங்கே நிற்கிறாள் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“டீமா? அந்த மொத வாரம் ஒங்க வீட்டுக்கு ரவிக்க தைக்க வந்த எடத்துல, ‘ஒரு ஆளு மூணு நாளா எங்க கிரவுண்டுல ஒத்தையா ஒக்காந்திருக்காரு’ன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன் மாஸ்டர், அன்னைக்கே ஒங்க வீட்டம்மா பந்தும் நெட்டும் வாங்கிக் கையில குடுத்து, ‘நாளைக்கு எப்புடியாச்சும் பன்னெண்டு பேரை நிப்பாட்டுங்க அக்கா’ன்னுச்சு.”