ஒருத்தரும் எழுந்து வராத கச்சேரி

மதிப்பிற்குரிய அத்திம்பேர் அவர்களுக்கு,

மயிலாப்பூரிலிருந்து அம்பி நமஸ்காரம் செய்து எழுதுவது. ஆத்துல எல்லாரும் சௌக்கியம். சூடாமணி அக்காவின் முட்டிவலி குறைந்ததா? போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் பால்ய சிநேகிதர், சபா செக்ரட்டரி ஸ்ரீனிவாசராகவன், உங்கள் சிபாரிசுக்காக எனக்கு ஒரே ஒரு கச்சேரிக்குக் கேண்டீன் கொடுத்தார். "இதைச் சரியா நடத்திட்டா டிசம்பர் சீசன் முழுக்க உனக்குத்தான். சொதப்பினா இந்தப் பக்கமே வராதே" என்றார். முப்பது வருஷமாக அடுத்தவர் கேண்டீனில் கரண்டி பிடித்தவனுக்குச் சொந்தமாக ஒரு சீசன். கச்சேரி யாருடையது என்றால், வர்ஷினி என்று ஒரு பெண்ணாம். பாட்டு கிடையாது, வயலின் கிடையாது, மேஜைமேல் நாலு மின்சாரப் பெட்டி, அதைத் திருகித் திருகித்தான் தாளமெல்லாம். பெருங்குடியில் ஏதோ பழைய கிடங்குக்குள் முப்பது பேருக்கு வாசித்துக்கொண்டிருந்தவளை இப்போது பேப்பரெல்லாம் புகழ்கிறதாம், சபாவே கூப்பிட்டு மேடை கொடுத்துவிட்டது.

நம் தொழிலே தனி ஆவர்த்தனத்தை நம்பித்தானே. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் கூட்டம் எழுந்து கேண்டீனுக்கு வரும். இதுவோ முழுக்கத் தாளம், மூன்று மணி நேரமும் தனி ஆவர்த்தனம்தான் என்று நினைத்து நானூறு போண்டாவுக்கு மாவு கரைத்தேன். ஆறு மணிக்கு ஆரம்பித்தாள். ஏழாச்சு, ஈ காக்காய் வரலை. சாம்பார் மட்டும் உள்ளேர்ந்து வந்த அதிர்வுல அண்டாவுக்குள்ள அலையடிச்சிண்டிருந்தது. வடை மாஸ்டர் கதிரேசன் எட்டிப் பார்த்துட்டு வந்து, "அண்ணே, ஒருத்தன்கூட எந்திரிக்க மாட்டேன்றான். உள்ள இன்னாமோ கீது" என்றான்.

ஒரு நிமிஷம் பார்த்துட்டு வரலாம்னுதான் போனேன், அத்திம்பேர். சத்தம் நேரே நெஞ்செலும்புல வந்து இடிச்சது. கை தானா தொடையில ஆதி தாளம் போட்டுது, எட்டு எட்டாப் பிசகாம உட்கார்ந்தது. ஒரு வார்த்தை இல்லை. நடுவுல ராகம் மாதிரி ஒண்ணு எட்டிப் பார்த்துட்டுப் போச்சு, அதுக்கே எனக்குக் கண்ணுல ஜலம். இத்தனை வருஷமா எல்லாக் கச்சேரியையும் கதவுக்கு வெளியே அடுப்படியில நின்னு கேட்டவன், முதல் தடவையா உள்ளே நின்னேன். மூடின கண்ணை முடியறவரைக்கும் திறக்கலை, நகர மனசு வரலை. பக்கத்துல பார்த்தா கதிரேசன், ஜல்லிக்கரண்டியும் கையுமா. அவனுக்குப் பின்னாடி டோக்கன் கொடுக்கற ஷண்முகப்ரியா. முடிஞ்சு வெளியே வந்தா மாவு கரைச்சது கரைச்சபடி இருந்தது.

ஆகையால் தவறு என்னுடையது அல்ல. அப்பேர்ப்பட்ட சங்கீதத்தை விட்டு எவனும் போண்டாவுக்கு எழுந்து வரமாட்டான். இதைச் செக்ரட்டரியிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்லி என் டிசம்பரைக் காப்பாற்ற வேண்டும். அக்காவுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும் மச்சினன்
அம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும்போது சபா வாட்ச்மேன் அப்துல் சமத் வழிமறித்தார். "அன்னிக்கு எங்க சார் பூட்டீங்க? ஏழு மணிக்கு மேல ஜனம் கும்பல் கும்பலா வெளிய வந்து கேண்டீன்ல நின்னுச்சு, ஒரு ஆளு இல்ல. செக்ரட்டரி சாரே கரண்டியைப் புடிச்சுக்கினு முழிச்சாரு" என்கிறார். ஆகவே மேலே எழுதிய எதையும் செக்ரட்டரியிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பெண் மறுபடி எப்போது வாசிக்கிறாள் என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்குக் கேண்டீனை வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டும்.