கட்டணம் கட்டினால்தான் நடனம்

வங்காலையில் கலியாணமோ, பெருநாளோ, நடனப் போட்டியோ, எது நடந்தாலும் வீடியோ எடுப்பவன் நான். பெயர் வலன்ரைன். தமிழ்நாட்டில், மண்டபம் முகாமில் அகதியாக இருந்தபோது பழகிய தொழில். ஊர் திரும்பிய பிறகு நடனப் போட்டிகளையெல்லாம் எடுத்து பேஸ்புக்கில் இலவசமாகவே போட்டுவந்தேன். அவ்வளவு தாராள மனசு. என் மனைவி அகஸ்ரினா மேடையேறிய அன்றோடு அந்த மனசு செத்துப்போனது.

மாதர் சங்கத்து நடனக் குழுவில் அவள் முன்வரிசை. நன்றாக ஆடினாள். அதுதான் பிரச்சினை. முருங்கனில் நெல் வியாபாரம் செய்யும் பெனடிக்ற், வீடியோவுக்குக் கீழே ஒரு சிவப்பு இதயம் போட்டான். அதைப் பார்த்து என் இதயம் நின்றது. மறுநாள் திரும்பவும் பார்த்துவிட்டு இன்னொன்று போட்டான். ஒரு மனிதனுக்கு எத்தனை இதயம்?

அன்றே தீர்மானித்தேன். இனிக் காசு கட்டியவர்களுக்குத்தான் வீடியோ. எங்கள் சனம் சும்மா கிடைத்தால் விடியவிடியப் பார்க்கும், காசென்றால் கண்ணை மூடிக்கொள்ளும். அகஸ்ரினாவின் நடனம் வீட்டோடு நின்றுவிடும்.

பொறாமை என்று அவளிடம் சொல்லமுடியுமா? கமரா தேய்கிறது, கரன்ற் பில் ஏறுகிறது, கலைக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்று பிரசங்கமே வைத்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"பெனடிக்ற் அண்ணனும் கட்டவேணுமோ?"

"அவன்தான் முதல் கட்டவேணும்."

"ஓம், நல்ல யோசினை."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே சம்மதித்ததில்லை. என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த போட்டி மன்னார் பட்டினத்தில். அறிவித்ததுதான் தாமதம், முசலியிலிருந்து கனடா வரைக்கும் சனம் காசு கட்டியது. முதல் ஆள் பெனடிக்ற். காசு கொடுத்தும் என் மனைவியைப் பார்க்க இத்தனை பேரா? சோறு இறங்கவில்லை. அவளோ சிரித்துக்கொண்டே சொதி ஊற்றினாள்.

போட்டியன்று கமராவை ஸ்ராண்டில் பூட்டி ஓடவிட்டேன். அடுத்தது தம்பதியர் நடனம், ஆடுபவர்கள் அகஸ்ரினாவும் வலன்ரைனும் என்று அறிவித்தார்கள். நான் கமராவுக்குப் பின்னால் குனிந்தேன். அகஸ்ரினா இறங்கி வந்து கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போனாள். பெயர் கொடுத்தவள் அவள். வலன்ரைன் ஆடப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவளும் அவள்தான். சனம் காசு கட்டியது அதற்குத்தான்.

வலது கால் பாட்டுக்கு ஆடியது. இடது கால் தன்பாட்டுக்கு ஆடியது. சுழன்ற வேகத்தில் நடுவரின் மடியில் போய் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பகுதியை அழிக்கப் போனேன். அகஸ்ரினா தடுத்தாள்.

"சும்மா காட்டிறதெண்டா அழிக்கலாம். சனம் காசு கட்டியெல்லோ இருக்குது."

வேறு வழியில்லை, போட்டேன். உள்ளூரும் வெளிநாடும் நான் நடுவர் மடியில் இருந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தன. அகஸ்ரினா என் தோளில் சாய்ந்து போனை எட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் நினைச்ச மாதிரியே நடந்திட்டுது. ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை."