நாரி நோவுக்கு ஒரு மகஜர்

கல்முனைக் கரையில் மழை பெய்தால் தவளை வரும்; தேர்தல் வந்தால், ஊர்ப் பேரால் மேலிடத்துக்குக் கோரிக்கை மனு எழுதுகிற மகஜர்காரர் வருவார். மழை விட்டதும் தவளை போய்விடும். மகஜர்காரர் போகமாட்டார்.

பெட்டிசம் எழுதுகிறவனோடு இவரைச் சேர்த்துக் குழப்பிவிடாதீர்கள். பெட்டிசக்காரன் அடுத்த வீட்டானைக் கெடுக்க வேண்டும் என்று, பெயர் போடாமல், கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறவன். மகஜர்காரரோ அடுத்த வீட்டானுக்கு நன்மை செய்ய வேண்டும் என்று, தன் பெயரைத் தலைமாட்டிலேயே போட்டு, ஊரைக் கூட்டி வைத்து எழுதுகிறவர். இருவரில் ஊருக்குக் குறைந்த சேதம் செய்தவன் பெட்டிசக்காரன்தான் என்பது என் சொந்த அபிப்பிராயம். வேண்டுமானால் சண்டைக்கு வாருங்கள்.

ஆளை எப்படி அடையாளம் பிடிப்பது? வெள்ளைச் சாரன், கறுப்புக் கோட்டு, துருக்கித் தொப்பி, கக்கத்தில் சுருட்டிய காகிதம், பையில் இரண்டு பேனை. ஒன்று எழுத, மற்றது கையெழுத்துப் போடத் தயங்குகிறவரின் மூக்குக்கு நேரே நீட்ட. கிணற்றில் ஒருவன் விழுந்துவிட்டால் நீங்களும் நானும் கயிறு தேடுவோம். இவர், அந்தக் கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு வேண்டும் என்று கேட்டு எழுதக் காகிதம் தேடுவார். விழுந்தவன் உள்ளேயிருந்து கத்தினால், "கொஞ்சம் பொறு தம்பி, உன்ட வயசென்ன? வாப்பாட பேரென்ன?" என்று குனிந்து கேட்பார். "மேலிடத்துக்கு அறிவிக்கணும்" என்பதுதான் இவருக்குக் காலையில் முதல் வார்த்தை. "எம்.பி. என்ட கைக்குள்ள" என்பது படுக்கப் போகுமுன் கடைசி வார்த்தை. நடுவில் உள்ள பொழுதில் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கண்டதில்லை.

இந்த இனத்தில் முதல்தரமான உருப்படி எங்கள் சாய்ந்தமருது மசூர் காக்கா, ஊருக்கெல்லாம் அண்ணன். மகஜர் மசூர் என்றால் மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரிப் பியோனுக்கும் தெரியும். தெரிந்தவுடன் பின்கதவால் போய்விடுவான்.

இவர் கையில் போய் விழுந்தவர் காலிதீன்.

காலிதீன் மருதமுனையில் ஒரு நெசவு நிலையத்தில் குழித்தறியில் இருந்து சாரன் நெய்கிறவர். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, அவருடைய நாரிக்குள், இடுப்பின் பின்பக்கத்தில், ஒரு நோவு குடிவந்துவிட்டது. வந்தது போகவில்லை. மழைக்கும் இருக்கிறது, வெயிலுக்கும் இருக்கிறது, நோன்புக்கும் இருக்கிறது, பெருநாளுக்கும் இருக்கிறது. குந்தியிருந்தால் எழும்ப ஏலாது. எழும்பினால் இருக்க ஏலாது. தறியிலாவது குழியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி ஒருமாதிரி எழும்பிவிடுவார். வெறுந்தரையில் இருந்துவிட்டால் யாராவது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கத்தான் வேண்டும். பாவம், வாய் செத்த மனிசன். நோகிறது என்று சொல்லவும் கூச்சம்.

ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா முதுகைத் தட்டிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு நன்றாக இருக்கிறது என்றார். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, முறிவு இல்லை. ஆகவே நோயும் இல்லை. நெசவு நிலைய மனேஜர் அதைவிடத் தெளிவாகச் சொன்னார்: "சட்டத்தில நோவென்டு ஒரு நோய் இல்ல காக்கா. நீங்க வராத நாள் வராத நாள்தான். வாற மாசமும் இப்பிடியென்டா தறிய வேற ஆளுக்குக் குடுத்திருவன்." அந்தத் தறி போனால் காலிதீன் வீட்டில் உலை வைக்க வேறு வழி இல்லை. இதுதான் விஷயம். இவ்வளவுதான் விஷயம்.

காலிதீன் மசூரிடம் கேட்டதும் சின்னக் காரியம்தான். "காக்கா, நீங்க கதைக்கத் தெரிஞ்ச ஆள். மனேஜரிட்ட வந்து ஒரு சொல்லு சொன்னீங்களென்டா, கொஞ்சம் தவணை தருவார்."

மசூருக்குக் கோபம் வந்துவிட்டது. "மனேஜரா? நான் போய் மனேஜரோட கதைக்கிறதா? இதுக்குச் சட்டமே கொண்டு வரணும் காலிதீன். பாராளுமன்றத்தில மசோதா! நாரி நோவும் நோய்தான், நோவுக்கு லீவு எடுத்தவன்ட தறியத் தொடப்படாது என்டு சட்டம்! எம்.பி. என்ட கைக்குள்ள. நீ சும்மா இரி."

சும்மா இருக்கத்தான் அந்த மனிசனுக்கு ஏலாது என்பதை அவர் கவனிக்கவில்லை.

மறுவாரம் வாசிகசாலையில் கூட்டம். நாரி நோவு நிவாரணச் சபை உதயமாயிற்று. தலைவர் மசூர், பிறந்த நாள்தொட்டு அவருக்குத் தும்மல் தடிமன்கூட வந்ததில்லை. காலிதீனைச் சபையில் சேர்க்கவில்லை. நோயாளி கூட்டத்தில் நெடுநேரம் இருக்க ஏலாதே என்ற இரக்கம்தான். பார்வைக்காக மட்டும் ஒரு மூலையில் இருத்தியிருந்தார்கள். தொடக்கத்தில் மசூர், "நோவால் வருந்தும் நம் சகோதரர்களுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்" என்றார். எல்லோரும் நின்றார்கள். சுவரைப் பிடித்து, சன்னலைப் பிடித்து, பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக் காலிதீன் எழும்பி முடிக்கையில் எல்லோரும் இருந்துவிட்டார்கள். கூட்டத்தைக் குழப்புவது யார் என்று பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்தது.

பிறகு வாதம். நோவுக்கு என்ன பெயர் வைப்பது? மருதமுனை நெசவாளர் நோவு என்றால் சாய்ந்தமருதுக்காரர் விடுவார்களா? "கரைவலை இழுக்கிற எங்கட நாரி என்ன மரமா?" என்று மீன்பிடிக்காரர் எழும்பினார்கள். மாவடிப்பள்ளி விவசாயிகள் கதிர் அறுக்கும் நாரியையும் சேர்க்காவிட்டால் கையெழுத்து இல்லை என்றார்கள். காரைதீவில் இருந்து அழைப்பின்பேரில் வந்த தங்கத்துரை வாத்தியார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதால் உண்டாகும் தலையிடியையும் மசோதாவில் போட வேண்டும் என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சேர்த்து மசூர் மகஜரை எழுதினார். கீழ்க்கரையின் பூர்வீகச் சரித்திரத்தில் தொடங்கி, சுதந்திரம் கிடைத்த சந்தோஷத்துக்கு நன்றி சொல்லி, தன் குடும்பத்தின் சேவையையும் தொட்டுக்கொண்டு, நோவு வந்து சேர்வதற்குள் வாசிக்கிறவனுக்கே நாரி பிடித்துவிடும். அவ்வளவு நீளம்.

அடுத்தது பயிற்சி. எம்.பி. முன்னால் நோவைக் காட்ட வேண்டுமே! மசூர் தன் வீட்டு வாசலில் காலிதீனை நிறுத்தினார்.

"எங்க, முனகு பாப்பம்."

"ம்…"

"இதென்ன முனகல்? கொசுவுக்குக் கேக்குமா இது? கொழும்புக்குக் கேக்கணும். இஞ்ச பார்." மசூர் இடுப்பில் கையை வைத்து, கண்ணைச் செருகி, "யா அல்லா!" என்று ஒரு முனகல் விட்டார் பாருங்கள்! வேலியால் எட்டிப் பார்த்த அடுத்த வீட்டுப் பாத்தும்மா பதறிப்போய் இஞ்சிக் கோப்பி ஊற்றிக்கொண்டு ஓடி வந்தாள். தெருவில் போன ஆட்களெல்லாம் மசூரைத் தாங்கிப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள். மசூர் கோப்பியைக் குடித்தார். காலிதீன் நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு இது வராது," என்றார் மசூர் கோப்பையை வைத்துவிட்டு. "நீ வாயத் துறக்காத. கதைக்கிறது நான். நீ வந்து இருந்தாக் காணும்."

அல்லாவே என்று, வயல் நிலம் நிறைய வைத்திருக்கும் அப்துல் ஸமட் போடியார் வீட்டுக் கலியாணம் வந்தது. எம்.பி. பகல் சாப்பாட்டுக்கு வருகிறார் என்று கதை. அந்த எம்.பி.யின் பெயரைக் கேட்காதீர்கள். இந்தக் கதைக்காக நான் செய்து எடுத்தவர், அசலைத் தேடிப் போய் அடிவாங்காதீர்கள். இளவயசு, கோட்டுச்சூட்டு, நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது.

எங்கள் கலியாண வீடுகளில் பாய் விரித்து, பெரிய தட்டொன்றில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேரை இருத்துவார்கள். அந்தத் தட்டுக்குச் சகன் என்று பேர். சகனுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூட இருந்து தின்கிறவரின் கை சோற்றில் இருக்கும்வரை மற்றவர் எழும்பக் கூடாது. அதிலும் மூத்தவர் கை இருக்கையில் இளையவர் எழும்பினால், வளர்த்த வளர்ப்புச் சரியில்லை என்று பேரப்பிள்ளைகள் காலம்வரை ஊர் சொல்லும். பாராளுமன்றச் சட்டத்தை மீறினால் வழக்குப் பேசக் கோட்டுக்குப் போகலாம். சகன் சட்டத்தை மீறினவன் எங்கே போவான்?

மசூர் எப்படியோ புகுந்து, எம்.பி.யின் சகனிலேயே ஒரு பக்கம் தானும் மறுபக்கம் காலிதீனுமாக இருந்துகொண்டார். திட்டம் இதுதான்: சாப்பிட்டு முடிந்ததும் காலிதீன் எழும்ப மாட்டாமல் தவிப்பார், எம்.பி. கண்ணால் காண்பார், மகஜர் மலரும்.

சாப்பாடு முடிந்தது. காலிதீன் எழும்பவில்லை. ஊன்றிக்கொள்ள வெறும் பாயில் என்ன இருக்கிறது? தூக்கிவிடுங்கள் என்று கேட்கலாம் என்றால், வாயைத் துறக்காதே என்பது தலைவரின் உத்தரவு. வெட்கத்தில் அந்த மனிசன் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு, நாலு பருக்கையை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். எம்.பி. பார்த்தார். நரைத்த தாடிக்காரரின் கை இன்னும் சோற்றில். பண்புள்ள பிள்ளை, தானும் ஒரு பிடி எடுத்தார். கை ஓடுகிற சகனில் சோறு குறையக் கூடாது என்பது பரிமாறுகிறவனின் சட்டம். பரிமாறிக்கொண்டிருந்த ஜவுபர் ஓடி வந்து ஒரு சட்டி நெய்ச்சோற்றைக் கவிழ்த்தான். அப்துல் ஸமட் போடியாருக்குத் தலை கால் தெரியவில்லை. "எம்.பி.க்கு எங்கட சோறு புடிச்சிப் போச்சு! இறைச்சி கொண்டு வாங்கடா!"

எம்.பி. எழும்பாமல் பந்தலில் ஒருவரும் எழும்ப ஏலாது. எல்லாச் சகனும் காத்திருந்தது. அடுத்த பந்திக்காரர் வெளியில் நின்று வயிற்றைத் தடவினார்கள். மணவறையில் மாப்பிள்ளை தூங்கிவிட்டார்.

எம்.பி. மசூரின் காதில், "இவருக்கு இன்னும் பசி தீரல்லையா?" என்றார்.

"பசி இல்ல சேர். இது நாட்டுப் பிரச்சின," என்று மசூர் மகஜரை மனப்பாடமாகத் தொடங்கினார். கீழ்க்கரையின் பூர்வீகச் சரித்திரம் நடந்தது. எம்.பி. வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினார். ஒவ்வொரு தலையாட்டலையும் மசூர் அரசாங்கத்தின் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். ஜவுபர் மறுபடியும் வந்தான். சரித்திரம் சுதந்திரம்வரை வந்துவிட்டது. நோவு இன்னும் தூரத்தில் இருந்தது.

கடைசியில் எம்.பி.க்கு ஏலாமல் போயிற்று. மரியாதையாவது மண்ணாவது என்று கையை ஊன்றிக் கிளம்பினார். பாதியில் நின்றார். நாரி பூட்டிக்கொண்டது. கும்பிடு போடுகிற மாதிரி வளைந்தபடியே, "யா அல்லா! என்ட நாரி! ஆராவது புடிங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். மசூரின் முனகலெல்லாம் அதற்குப் பக்கத்தில் வர ஏலாது. சத்தியமாக, கொழும்புக்குக் கேட்டிருக்கும்.

பந்தல் முழுவதும் எழும்பியது. ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் அவருடைய சப்பாத்தைப் பிடிக்க, எம்.பி.யைத் தூக்கிக் காரில் கிடத்தினார்கள். கிடந்தபடியே அவர் மசூரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். கண்ணில் தண்ணீர்.

"மசூர், இதுதானா அந்த நோவு? இதோடயா ஒரு மனிசன் தறி மிதிக்கிறான்? எங்க அந்த மகஜர்? தாங்க. திங்கக்கிழம நானே சபையில எழும்பிக் கதைக்கிறன்."

இனி என்ன வேண்டும்? காகிதம் கக்கத்தில் இருக்கிறது. சட்டம் கை நீட்டி நிற்கிறது. காலிதீனின் தறி அந்தக் கைக்கும் இந்தக் கக்கத்துக்கும் நடுவில் தொங்குகிறது. கொடுக்க வேண்டியதுதானே மனிசா!

மசூர் கக்கத்தை இறுக்கிக்கொண்டார். "இப்பிடித் தர ஏலா சேர். மாவடிப்பள்ளிக் கையெழுத்து இன்னும் சேக்கல்ல. ஒரு பந்தல் போட்டு, மாலை போட்டு, போட்டோக்காரனும் வந்துதானே ஒப்படைக்கணும். கார்ச் சன்னலால குடுத்தா ஊர் என்னத்தச் சொல்லும்?"

"மசூர், நோவு இரிக்கக்குள்ளயே தாங்க," என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது. "மாறினா நான் மறந்து போவன்."

ஒரு பாராளுமன்றக்காரர் இதைவிட உண்மையாகக் கதைத்ததை நான் கேட்டதில்லை. மசூர் கொடுக்கவில்லை. கார் போனது. காருக்குப் பின்னால் ஊரே ஓடியது.

பந்தல், மாலை, போட்டோ எல்லாம் பிறகு முறைப்படி நடந்தன. எம்.பி. நிமிர்ந்து நடந்து வந்தார். மகஜரை இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். "நாரி நோவு எனக்கும் வந்ததுதான்," என்று பேசினார். "எண்ணெய் பூசினேன், போய்விட்டது. மனத்திடம் இருந்தால் போதும். இதற்கெல்லாம் சட்டம் எதற்கு?" கைதட்டல் வானைப் பிளந்தது. ஆகப் பெரிதாகத் தட்டியவர் மசூர், எம்.பி. தன் மகஜரைப் பற்றிப் பேசிவிட்டார் அல்லவா! காலிதீனின் தறியில் அதற்கு முன்பே வேறு ஆள் இருந்தான். செய்தி கேட்ட மசூர் ஓடிப்போய்க் காலிதீனின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத. தறி போனது நல்லதாப் போச்சு. இப்பதான் எங்கட கோரிக்கைக்குப் பலம்! இதுக்கும் ஒரு மகஜர் குடுப்பம்," என்றார். காலிதீன் ஓம் என்று தலையை ஆட்டினார். வேறென்ன சொல்வார்?

இவ்வளவும் வாசித்துச் சிரித்தீர்கள். எம்.பி.யின் நாரி பூட்டியபோது கொஞ்சம் கூடவே சிரித்தீர்கள். மசூர் மாதிரி ஆட்களால்தான் நாடு கெடுகிறது, இதைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும் என்று நினைத்தும் இருப்பீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கலியாண வீட்டில் அத்தனை பேரும் காரடிக்குப் போன பிறகு பந்தலில் என்ன நடந்தது?

பாய் சுருட்ட வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் இருந்து காலிதீனின் மனைவி சித்தி லைலா எட்டிப் பார்த்து, "எங்கட மனிசன் எங்க?" என்று கேட்டாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போன ஜவுபர், "எந்த மனிசன்?" என்றான். அந்த மனிசன் அதே சகனுக்குப் பக்கத்தில், அதே பாயில், கையைச் சோற்றில் வைத்தபடி இருந்தார். அவரை யாரும் தூக்கவில்லை. சித்தி லைலா வந்து கக்கத்தில் கையைக் கொடுத்து, "எழும்புங்க, போவம்" என்றாள்.

நான் அப்போது எங்கே நின்றேன் என்று கேட்காதீர்கள். இது உங்களைப் பற்றிய கட்டுரை. காருக்குப் பின்னால் ஓடிய கூட்டத்தில் உங்களைக் கண்ட மாதிரி எனக்கு ஒரு ஞாபகம்.