அப்பாவின் துக்கத்துக்கு நுழைவுச்சீட்டு

அன்பும் மரியாதையும் மிக்க வெர்னா அத்தைக்கு,

மெர்லி எழுதுவது. இடுப்பெலும்பு கூடி, இப்போது சமையலறை வரை நடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இந்த வீட்டில் எல்லோரும் என்றால் இப்போது நானும் பூனையும்தான். பூனை நலம்.

உங்கள் கடிதம் வந்தது. "என் தம்பி சாவுக்கு டிக்கெட் போட்டு ஆள் சேர்த்தாயாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். சர்ச்சில் பியானோ வாசிக்கும் ஓனா அம்மாள்தான் போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய்யில்லை. தானும் ஒரு டிக்கெட் வாங்கியதை மட்டும் விட்டிருப்பார். பீர் ஆலையை மொத்த வியாபாரிக்கே விற்றுவிடலாம், உங்கள் பாதிக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வாயால் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். அதனால் எழுதுகிறேன்.

அப்பா எப்படிப் போனார் என்று யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் காய்ச்சும் பீரை நம் வாசலிலேயே வைத்து விற்கச் சட்டம் விடாது. மொத்த வியாபாரிக்குத்தான் கொடுக்க வேண்டும். அவருடைய லாரி வந்து ஏற்றிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்கில் இறக்கி, சில வாரம் கழித்து மறுபடி ஏற்றி, போன சாலையிலேயே திரும்பி வந்து, ஆலைக்கு நேர் எதிரே இருக்கும் பெட்ரோல் பங்க் கடையில் இறக்கும். அப்பா வாராவாரம் சாலையைக் கடந்து போய்த் தன் பீரைத் தானே கடைவிலைக்கு வாங்கி வருவார். யாரும் வாங்காவிட்டால் அலமாரியில் அந்த இடம் வேறு பீருக்குப் போய்விடும் என்று பயம். அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச் விடும் நேரம்வரை பீர் விற்கக் கூடாது. அப்பா கொஞ்சம் முன்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்துவிட்டார். கடையில் இருக்கும் ரோண்டா, "இன்னும் நேரம் ஆகலை ஹாய்ட். மிஷின் பில்லு அடிக்காது. போய் வச்சுட்டு வாங்க" என்றாளாம். "நான் காய்ச்சினதும்மா இது." "அது எனக்குத் தெரியுது, மிஷினுக்குத் தெரியலையே." சரி, காத்திருக்கிறேன் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். நேரம் ஆனதும் ரோண்டா கூப்பிட்டாள். அப்பா எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவர் கையிலிருந்து பெட்டியைப் பிரித்து எடுத்தார்கள். பில் போடாத சரக்கு என்பதால் ரோண்டா அழுதுகொண்டே அதைக் குளிர்பெட்டியில் திரும்ப வைத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். துக்கத்துக்கு அவித்த வேர்க்கடலை ஒரு வாளி நிறையக் கொண்டு வந்தாள்.

அப்பாவுக்கு ஒரே ஆசைதான். "நான் செத்தா லாரியில ஊரைச் சுத்திட்டு வந்த பீரை யாரும் குடிக்கக் கூடாது. என் தொட்டியிலேர்ந்து நேரா ஊத்தணும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் கடைசியாகப் போட்ட கறுப்பு பீர் தொட்டியில் தயாராக இருந்தது. குடும்பக் கல்லறை ஆலைக்குப் பின்னால் மேட்டில் இருப்பதும், மழையில் சுற்றுப்பாதை கரைந்துபோனதால் சவப்பெட்டியை ஆலைக்குள் புகுந்துதான் தூக்கிப் போக வேண்டும் என்பதும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பின்வாசல் பக்கம் எல்லோருக்கும் ஒரு கோப்பை ஊற்றிவிட்டு மேட்டுக்குப் போகலாம் என்று அம்மாவின் தம்பி டூலி மாமா ஏற்பாடு செய்தார். கறுப்பு உடுப்பில் ஊரே வாசலில் நின்றது. அப்போதுதான் மதுவரித் துறை ஆய்வாளர் பக்னர் வந்தார். அவரும் துக்கத்துக்குத்தான் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, உங்கப்பா எனக்கும் ஃபிரெண்டுதான். ஆனா இப்படிச் சும்மா ஊத்தினா அது விருந்து. விருந்துக்கு வேற உரிமம். நான் கண்ணால பாத்துட்டு எழுதாம இருக்க முடியாது."

"செத்தவனுக்குமா சார் சட்டம்?" என்றார் டூலி மாமா.

"செத்தவருக்கு இல்லை. குடிக்கிறவங்களுக்கு. ஆலையைச் சுத்திக் காட்டினா, வந்தவங்களுக்கு ருசி பாக்க இலவசமாக் குடுக்கலாம். அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. சுத்திப் பாக்க டிக்கெட் குடுங்க, வயசு பாத்துக் கையில பட்டை கட்டுங்க, முழுசாச் சுத்திக் காட்டுங்க. கடைசியில ஊத்துங்க. நானே பட்டை கட்டுறேன்."

எப்போதும் சுற்றிக் காட்டுவது அப்பாதான். அவர் பெட்டிக்குள் இருந்தார். டூலி மாமா ஊற்ற வேண்டும். எனக்கு வயது போதாததால் என் கை பீரைத் தொட்டு ஊற்றச் சட்டம் விடாது. என் வாய் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை. நேர்மாறாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி. "மாமா, என்னால முடியாது" என்றேன். "அப்ப உங்கப்பாவைத் தாகத்தோட புதைச்சிடுவோமா?" என்று கேட்டுவிட்டு மாமா பட்டைகளை எடுக்கப் போய்விட்டார்.

ஊரே வரிசையில் நின்று பேருக்கு ஒரு டாலர் போட்டு டிக்கெட் வாங்கியது அத்தை. கறுப்புச் சட்டைக் கைகளில் எல்லாம் ஆரஞ்சுப் பட்டை. பாஸ்டர் ஹோலிஸ், "நான் சும்மா பாக்கத்தான் வர்றேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். யாரோ பின்னாலிருந்து, "ஹாய்ட்டுக்குப் பட்டை கட்டலையா?" என்று கேட்க, டூலி மாமா பெட்டியின் கைப்பிடியில் ஒன்றைக் கட்டினார். ஆய்வாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பெட்டி முன்னால், ஊர் பின்னால், எல்லோருக்கும் முன்னால் நான்.

முதலில் முளைகட்டிய தானியமான மால்ட்டை அரைக்கும் இயந்திரம். "இது..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. "கேக்கலைடி, சத்தமா!" என்றார் ஓனா அம்மாள். பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர், "கண்ணு, உங்கப்பா லேசுப்பட்ட ஆளில்லை. சீக்கிரம் சொல்லு, தோள் கழண்டுடும்" என்றார். இன்னொருவர், "கீழே வச்சுடலாமா?" என்று முனகினார். தரை முழுவதும் ஈரம். அப்பாவை ஈரத்தில் வைக்கப் போகிறார்கள் என்றதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "இது அரைக்கிற மிஷின், தானியத்தை மாவாக்கக் கூடாது, உடைக்கத்தான் வேணும், வாங்க!" என்று கத்தினேன். கத்தியது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. கொதிகலன், குளிரூட்டி, தொட்டி என்று ஓட்டமாக ஓடினேன். பெட்டியும் என் பின்னால் ஓடியது. கொதிகலன் பக்கத்துத் திருப்பத்தில் பெட்டி திரும்பாமல் சிக்கிக்கொண்டது. அதை நிமிர்த்தி, சாய்த்து, திருப்பும்வரை நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஹாப்ஸ் பூவை எப்போது போட்டால் கசப்பு, எப்போது போட்டால் வாசனை, தொட்டிக்குள் தலையை விட்டால் ஏன் மயக்கம் வரும், எல்லாம் சொன்னேன். சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் போனபோது, இந்தத் திருப்பத்தில் அப்பா தினமும் தலையை இடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்வார் என்பதையும் சொன்னேன். பாஸ்டர்கூடச் சிரித்தார். நான் அழுதேன். பேசுவது நிற்கவில்லை.

கடைசியில் டூலி மாமா ஊற்றினார். பீர் நன்றாக இருந்ததாம். எனக்குத் தெரியாது, எனக்குத்தான் வயதில்லையே. மண்ணைப் போட்டுவிட்டு மேட்டிலிருந்து இறங்கும்போது ஒவ்வொருவராக வந்து, "இது கொஞ்சம் வீட்டுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். மிச்சத்தை நாளை லாரி வந்து ஏற்றிப் போய்விடும், அது திரும்பி வந்ததும் எதிர்க்கடையில் ரோண்டாவிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஆய்வாளருக்கும் அதையேதான் சொன்னேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு காருக்குப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். அதன்பிறகு சனிக்கிழமைதோறும் ஆட்கள் வருகிறார்கள். நான் சுற்றிக் காட்டுகிறேன். இப்போதும் முதல் வார்த்தை வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. பிறகு வந்துவிடுகிறது. சட்டப்படி வாசலில் ஆட்களுக்கு ஊற்றி, அந்த டிக்கெட் காசில் இந்த ஆலை நடக்க வேண்டுமென்றால் சுற்றிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். டூலி மாமா காய்ச்சுவார், ஆனால் நாலு பேர் முன்னால் அவருக்கு அழுகைதான் வரும். மொத்த வியாபாரிக்கு இந்த இடம் கிடங்குக்குத்தான் வேண்டும். நான் இருந்தால் ஆலை இருக்கும். என் வாழ்க்கையில் நான் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்று சொல்லும்படி இருப்பது இது ஒன்றுதான். அதனால் கையெழுத்துப் போடாதீர்கள். இதுதான் என் காரணம். இதைவிட நல்ல காரணம் யாரிடமும் இருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் இடுப்பு சீக்கிரம் நிமிர்ந்து, அடுத்த அறுவடைத் திருநாளுக்கு நீங்கள் வந்து வான்கோழி வெட்ட ஆண்டவர் அருள வேண்டும். டூலி மாமாவும் உங்களை மிகவும் விசாரித்தார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்
மெர்லி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு டூலி மாமா ஓடி வந்தார். ரேடியோவில் சொன்னார்களாம். சட்டத்தை மாற்றிவிட்டார்கள். செப்டம்பர் மாதத்திலிருந்து ஆலைக்காரர்களே வாசலில் வைத்து யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். சுற்றிக் காட்டவே வேண்டாம். "இனிமே நீ வாயைத் திறக்கவே வேணாம் கண்ணு!" என்று மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். ஆக, மேலே நான் எழுதிய காரணம் செல்லாது. நான் இல்லாமலும் ஆலை நடக்கும். ஓனா அம்மாள் போனில் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் உறையைப் பிரித்து நானே எழுதுகிறேன். வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. விற்காதீர்கள் அத்தை.