விதி ஒன்பதும் வராந்தாப் பள்ளமும்

பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு முதலிலேயே ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பொதுப்பணி அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கோப்பு நகர்த்தி வருகிறேன். ஆகவே அலுவலகங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு உண்டு. வெளியாட்கள் சொன்னால் அது வெறும் வயிற்றெரிச்சல்.

என் மனைவிக்குக் கண் தெரியாது. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். நொண்டிக்கொண்டு வருகிறவர்களை நடக்கவைத்து அனுப்புவது அவள் வேலை. அவளை நடக்கவைத்துக் கூட்டிப்போவது ஒரு நாய். கறுப்பு, முப்பத்தோரு கிலோ. பயிற்சிப் பள்ளியில் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பது அதுதான் என்பதால் மேனேஜர் என்று கூப்பிடுகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் அவள் தங்கைக்கும் போன வருடம் பார்வை போய்விட்டது. அக்காவுக்கு வந்த அதே கோளாறு, பதினைந்து வருடம் தாமதமாக வந்தது. ஏழு மாதமாக அவள் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. அங்கே வழிகாட்டி நாய் தரும் மையத்தில் ஓர் இடம் காலியானது. சனிக்கிழமைக்குள் நேரில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும்.

“நான் போகலைக்கா,” என்றாள் போனில். “ஒரு நாய நம்பி ரோட்ல எப்படிக் கால் வெக்கிறது?”

“நாங்க வர்றோம். நான் மேனேஜரப் பிடிச்சுக்கறேன், நீ என் முழங்கையப் பிடிச்சுக்க. நடந்து பார்த்துட்டு அப்புறம் சொல்லு.”

“அது வந்தா, வாசல் வரைக்கும் வர்றேன்.”

எனக்கு லீவு கிடைக்காததால் வியாழக்கிழமைக்கு என் மனைவிக்கு டிக்கெட் எடுத்தோம். நாய் காலடியில் படுத்து வரலாம், கட்டணம் கிடையாது, விலங்குப் பயண அனுமதி அலுவலகத்தின் சான்று மட்டும் இருந்தால் போதும் என்றார்கள் விமானக் கம்பெனியில். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை நான் பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். என்னிடம் ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை.

திங்கட்கிழமை மூன்று பேரும் போனோம். பரிசோதனை அதிகாரி பண்பானவர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், நாய்க்கு. பிறகு உட்கார்ந்து என் மனைவியின் தாள்களைப் புரட்டினார்.

“தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, பயிற்சிப் பள்ளிக் கடிதம், எல்லாம் சரியா இருக்கு. இனி விதி ஒன்பதுதான். ‘கட்டளை இடப்பட்டதும் நாய் தயக்கமின்றிக் கீழ்ப்படிதல் வேண்டும்.’ வராந்தாவுக்கு வாங்க.”

வராந்தா நீளமாக, சுத்தமாக இருந்தது. நடுவில் நாலடி அகலத்துக்கு ஒரு பள்ளம். குழாய் போடுவதற்காக எட்டு மாதத்துக்கு முன் தோண்டியது. ஊழியர்கள் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதைத் தாண்டிக் குதித்துப் போய்வந்தார்கள். ஓரத்தில் பள்ளம் தோண்டிய துறையின் பலகை இருந்தது. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“முன்னாடி போகச் சொல்லுங்க,” என்றார் அதிகாரி.

“முன்னாடி என்ன இருக்கு?” என்று என் மனைவி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. ஒரு பள்ளம்தான்.”

“பள்ளத்துக்குள்ளயா போகச் சொல்றீங்க?”

“பள்ளத்தப் பத்தி விதியில ஒண்ணும் இல்லைங்க. கட்டளையப் பத்தித்தான் இருக்கு.”

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, “போ மேனேஜர்,” என்றாள். மேனேஜர் பள்ளத்தின் விளிம்புவரை போனது. திரும்பி அவள் முழங்காலுக்குக் குறுக்கே நின்றது. இன்னொரு முறை சொன்னாள். உட்கார்ந்துவிட்டது.

அதிகாரி குறிப்பேட்டில் எழுதினார். ‘இருமுறை கட்டளையிட்டும் மறுத்தது.’

“அதுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான் சார்,” என்றாள் என் மனைவி. “ஆபத்துன்னா, நானே சொன்னாலும் கேக்கக் கூடாது. ரெண்டு வருஷம் இதுக்குத்தான் பயிற்சி. உங்க ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர் கால முறிச்சுக்கிட்டு எங்கிட்ட வந்திருக்காங்க. எங்க விழுந்தாங்கன்னு இப்பத்தான் புரியுது.”

“ஆமா, எங்க வரவுப் பிரிவு,” என்றார் அவர் பெருமையாக. “போகச் சொன்னோம், போனாங்க.”

உள்ளே திரும்பி வந்தபோது பக்கத்து மேசையில் ஒரு சீமாட்டி கைப்பையைத் திறந்தாள். உள்ளே முயல் அளவுக்கு ஒரு நாய், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்தது. இந்த வருடம் வசதி உள்ளவர்கள் எல்லோருக்கும் மன ஆறுதல் குறைந்துபோய்விட்டது. ஆகவே எல்லோரும் ஆறுதல் நாய் வைத்துக்கொள்கிறார்கள். “போன வருஷம் பூனை வெச்சிருந்தோம்,” என்று என்னிடம் சொன்னாள். “இப்ப யாரும் பூனையோட ஏர்போர்ட் போறதில்ல.”

ஆறுதல் நாய்க்கும் பரிசோதனை உண்டு. ஐந்து நிமிடம் அது எந்த வேலையும் செய்யாமல் மடியில் இருக்க வேண்டும். பை நாய் இடையில் குறட்டையும் விட்டதால் ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் மேலதிகாரியைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, பள்ளத்துல விழாம இருக்கிறது உங்க பொறுப்பு. கீழ்ப்படியறது நாயோட பொறுப்பு. ஒருத்தர் பொறுப்புல இன்னொருத்தர் தலையிட்டா நிர்வாகம் என்ன ஆகும்?”

“அது முன்னாடி போயிருந்தா?”

“உங்களப் பள்ளத்துல தள்ளின நாய உதவி நாய்னு எப்படிம்மா எழுத முடியும்?”

இதற்கு மேல் அங்கே பேச ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் என் மனைவி கேட்டாள். “அந்தப் பள்ளத்த யாருங்க தோண்டினது?”

“யாரோ,” என்றேன்.

குறுக்கு வழி சொன்னதும் நான்தான், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். மேனேஜரை ஆறுதல் நாயாகப் பதிந்துவிடலாம் என்றேன். அதற்கு ஓர் உறுதிமொழி தர வேண்டும். ‘மேற்படி நாய், வழிகாட்டுதல் உள்ளிட்ட பயனுள்ள வேலை எதையும் பயணம் முடியும்வரை செய்யாது.’

“அஞ்சு வருஷமா ஒரு நாள் லீவு போடாம உழைச்ச ஜீவன், வேலைக்கு ஆகாதுன்னு நான் கையெழுத்துப் போடணுமா?” என்றாள். பிறகு, “சனிக்கிழமை தாண்டிட்டா அவ இனி அந்த ரூம்லயேதான் கிடப்பா. எங்க போடணும், காட்டுங்க,” என்றாள்.

புதன்கிழமை பரிசோதனை. முப்பத்தோரு கிலோவும் ஐந்து நிமிடம் அவள் மடியில் உட்கார்ந்தது. எதிரே இருந்து பார்த்தால் நாற்காலியில் நாய் மட்டும்தான் தெரிந்தது. அதிகாரி நாயைப் பார்த்தே, “உங்க மனசுக்கு ஆறுதலா இருக்கா?” என்று கேட்டார். பின்னாலிருந்து, “மூச்சு முட்டுது,” என்று பதில் வந்தது. ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் நாய் வழிகாட்டினால் உறுதிமொழியை மீறியதாகும். ஆகவே திடமான இரண்டு கால் உள்ள என் மனைவி சக்கர நாற்காலியில் போனாள், மேனேஜர் மடியில்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவர், “இவங்களுக்குக் கால்ல என்ன?” என்று என்னிடம் கேட்டார்.

“கால்ல ஒண்ணுமில்ல. கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

சனிக்கிழமை போன் வந்தது. பேசியது மைத்துனி. பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

“மாமா, ரோட்ல நிக்கிறேன். வாசல் வரைக்கும்னு சொன்னேன்ல? ஒரு இடத்துல நானும் அக்காவும் வேகமா கால எடுத்து வெச்சோம், மேனேஜர் குறுக்க நின்னுடுச்சு. அடுத்த நிமிஷம் ஒரு பஸ் போச்சு. அப்படியே மையத்துக்குப் போய்ப் பேர் குடுத்துட்டேன். அடுத்த வருஷம் என் நாயோட அங்க வர்றேன். திரும்பி ஏறணும்னா உங்க ஊர்ச் சான்றுதான் வேணுமாமே. அதுக்குள்ள அந்தப் பள்ளத்த மூடிடுவாங்கல்ல?”

என் மனைவி போனை வாங்கினாள். “மூடிடுவாரு,” என்று தங்கையிடம் சொல்லிவிட்டு என்னைக் கேட்டாள். “உங்க ஆபீஸ் தோண்டினதுதானே?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“‘யாரோ’ன்னு சொன்னீங்களே, அந்தக் குரல்லயே தெரிஞ்சுது.”

எனக்குக் கண் கலங்கியது. “திங்கக்கிழமை மொதல் வேலை அதுதான்,” என்று வாக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை நேரத்துக்கு முன்பே போனேன். ‘வராந்தாப் பள்ளம் மூடுதல்’ கோப்பு என் மேசையில்தான் இருந்தது, ஐந்து மாதமாக, தேநீர்க் கோப்பைக்கு அடியில். ஒரு கையெழுத்துதான் பாக்கி. கோப்பையை நகர்த்தினேன். மேலே புதிதாக ஒரு கடிதம் செருகப்பட்டிருந்தது.

‘மேற்படி பள்ளம் உதவி நாய்களின் கீழ்ப்படிதலைச் சோதிக்க இன்றியமையாத சாதனமாக நிரூபணமாகியுள்ளது. ஆகவே அதை மூடாமல் நிரந்தரமாகப் பராமரித்துத் தருமாறும், இயன்றால் இன்னும் இரண்டடி ஆழப்படுத்தித் தருமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. – விலங்குப் பயண அனுமதி அலுவலகம்.’

பிரிவுத் தலைவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “மேலிடம் வாய்மொழியா சரின்னுடுச்சு. ‘அனுமதிக்கலாம்’னு போட்டு அனுப்புங்க.”

“சார், யாராவது விழுந்துட்டா…”

“அது வேற பிரிவு.”

மேனேஜராக இருந்திருந்தால் அந்தக் கோப்பின் மேல் குறுக்கே உட்கார்ந்திருக்கும். நான் பேனாவைத் திறந்தேன். அவர் இரண்டாம் முறை சொல்ல வேண்டி வரவில்லை. விதி ஒன்பதின்படி எனக்கு அன்றைக்கே சான்று கொடுத்திருக்கலாம்.