லூஸ் விடாமல் தைத்த ஜாக்கெட்

என் வாழ்நாளில் நான் போட்டுக் கொடுத்த வரைபடங்களில், ஒரு நூல்கூடப் பிசகாமல் செய்து முடிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு ஜாக்கெட். அதனால்தான் என் ஒரே அண்ணனின் கல்யாண ஆல்பத்தில், நான் இருக்க வேண்டிய இடத்தில் பெரியம்மா மகள் சுதா இருக்கிறாள்.

நான் திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இரும்பு உருப்படிகளை அளந்து பார்த்து, ‘சரி’, ‘தள்ளு’ என்று இரண்டு கூடைகளில் பிரிப்பது வேலை. சேர்ந்த முதல் வருடம் எல்லோருக்கும் பிடிக்கும் வியாதி எனக்கும் பிடித்தது. எதைப் பார்த்தாலும் அளவு தப்பாகத் தெரிந்தது. பஸ் படிக்கட்டு, கேன்டீன் இட்லி, மேனேஜரின் மீசை. (இடது பக்கம் மூன்று மில்லிமீட்டர் அதிகம். இன்றைக்கும் சொல்வேன்.)

கடைசியில் கண் என் உடைகள் மேல் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போட்டேன். பள்ளி யூனிஃபார்ம்: அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று இரண்டு அங்குலம் பெரிதாக எடுத்தது. கல்லூரி ஒர்க்‌ஷாப் கோட்டு: பையன்களை நினைத்துத் தைத்தது. தொழிற்சாலை நீலக் கோட்டு: எம், எல் என்று இரண்டே அளவு, இரண்டுக்கும் நடுவில் நான். விசேஷங்களுக்குச் சேலை. அதற்கான ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் அம்மா அளவு ஜாக்கெட்டாகக் கொடுத்தனுப்பியது சுதாவுடையதை.

“ரெண்டும் ஒரே ஒடம்புதானே” என்பாள் அம்மா.

இல்லை. சுதாவுக்குத் தோள் அகலம். எனக்குக் கிடையாது. எங்கள் ஊர் அறந்தாங்கியில் நடந்த எல்லாச் சொந்தக்காரக் கல்யாணங்களிலும் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே, இடது கையால் தோளில் வழியும் ஜாக்கெட்டை இழுத்து விட்டவள் நான். இருபத்து மூன்று வயது வரை யாரும் என் உடம்பை அளந்து எனக்கென்று எதையும் தைத்ததில்லை. பட்டியலின் கடைசி வரியை எழுதியபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. குவைத்தில் வேலை, நாற்பது நாள் லீவு.

“ஏய் எலக்கியா, நாத்தனா முடிச்சு நீதான் போடணும். லீவு கெடைக்கலன்னு கடைசி நேரத்துல கழுத்தறுத்துராத” என்றான் போனில்.

“லீவு எழுதிக் குடுத்தாச்சுண்ணே.”

தாலியில் முதல் முடிச்சுத்தான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் அவருடைய தங்கை போட வேண்டியவை. எட்டு வயதிலேயே பாவாடை நாடாவை ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டி அதைப் பழகியவள் நான். அந்த ஒரு நாளாவது சுதாவின் தோள் இல்லாமல், என் சொந்த அளவில் மேடையில் நிற்பது என்று முடிவு செய்தேன்.

விடுதியில் அறைத்தோழி டேப் பிடித்தாள். நான் கைகளைத் தொங்கவிட்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல அசையாமல் நின்றேன். (இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு பெரிய தாளில் முன் தோற்றம், பின் தோற்றம், பக்கத் தோற்றம் மூன்றும் வரைந்து, கால் அங்குலம் வரை அளவு குறித்து, கீழே எண் போட்டுக் குறிப்புகளும் எழுதினேன்.

அறந்தாங்கியில் எங்கள் டெய்லர் செல்வி அக்கா. வாயில் குண்டூசியைக் கடித்தபடியே தாளை விரித்துப் பார்த்தார்.

“ஏத்தா, இது ஜாக்கெட்டா, மாடி வீட்டுப் பிளானா? வாசப்படி எங்கிட்டு வருது?”

“ஜாக்கெட்தான்க்கா. அளவெல்லாம் இதுலயே இருக்கு.”

“அளவு ஜாக்கெட்டு?”

“வேணாம்.”

அவர் குறிப்புகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். “‘லூஸ் விடக் கூடாது.’ சரி. ‘உள்ளே துணி மடித்து விடக் கூடாது.’ ஏன்த்தா, நாளைக்கு ஒடம்பு போட்டா பிரிச்சு விடணும்ல?”

“உள்ள மடிச்சா வெளிய தடிப்பாத் தெரியும்க்கா. அளவு கரெக்டா இருந்தா பிரிக்கவே வேண்டியதில்ல.”

“மூச்சாச்சும் விடுவியா?”

“மூச்ச இழுத்துப் பிடிச்சுத்தான் அளந்திருக்கோம். அது கணக்குல இருக்கு.”

செல்வி அக்கா வாயிலிருந்து குண்டூசியை எடுத்தார். “இருவது வருசமாத் தைக்கிறேன். மூச்சக் கணக்குல சேத்த மொதப் புள்ள நீதான்.”

பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜாக்கெட் வந்தது. பதினொரு சோதனைகள் வைத்திருந்தேன்: கழுத்து இறக்கம், கை நீளம், கொக்கிகளின் இடைவெளி, இப்படி. பதினொன்றும் தேறின. கண்ணாடி முன்னால் நின்றேன். தோளில் எதுவும் வழியவில்லை. சுருக்கம் இல்லை. நான் எப்படி இருப்பேன் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமில்லை.

அம்மா கதவருகே வந்து நின்றாள். “கையத் தூக்கிப் பாத்தியா?”

“ஏம்மா, மேடையில நான் என்ன கபடியா ஆடப்போறேன்?”

கல்யாணத்தன்று காலையில் பியூட்டிஷியனே தலை பின்னி, பூ வைத்து, சேலையும் கட்டிவிட்டார். என் கைகளுக்கு முகூர்த்தம் வரை வேலையே வரவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரு நுனிகளையும் என் பக்கம் நீட்டினான். நான் அண்ணிக்குப் பின்னாலிருந்து குனிந்து கைகளை நீட்டினேன். முழங்கைக்குக் கீழே மட்டும் கை நீண்டது. கையைத் தொங்கவிட்டு அளந்த ஜாக்கெட், தோளை முன்னால் வர விடவில்லை. அண்ணியின் பின்கழுத்துக்கும் என் விரல்களுக்கும் நடுவே நான்கு அங்குலம். (கண்ணால் பார்த்தே சொல்வேன். தொழில்.)

“புடிடி” என்றான் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“வரலண்ணே.”

“என்ன வரல?”

“கை.”

பதினைந்து வருடம் ஜன்னல் கம்பியில் பழகிய முடிச்சு. விட மனமில்லாமல் ஒரு எக்கு எக்கினேன். நாதஸ்வரத்தையும் மீறி எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. வலது கைக்குப் பின்னால் தையல் விட்டது. உள்ளே மடித்த துணி இருந்திருந்தால் கிழிசல் அங்கேயே நின்றிருக்கும். நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேனே! அது நிதானமாக, நேர்கோட்டில், இடுப்பை நோக்கி இறங்கியது. நான் இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றேன்.

“சீக்கிரம், சீக்கிரம்” என்றார் ஐயர்.

“சுதா, நீ போடுத்தா! நீயும் அவனுக்குத் தங்கச்சிதானே” என்று பெரியம்மா பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

சுதா குனிந்தாள். அவள் கைகள் தாராளமாக முன்னால் போயின. இரண்டு முடிச்சையும் அழகாகப் போட்டாள். அதே நேரம் மாமா தன் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்து என் முதுகில் போர்த்தினார். கல்யாண வீடியோவில் பார்த்தால், முடிச்சுப் போடத் தெரியாத தங்கைக்கு மேடையிலேயே பொன்னாடை போர்த்துவதுபோல இருக்கும். வீடியோக்காரர் அதைக் கிட்டத்தில் வேறு எடுத்து வைத்திருக்கிறார்.

முடிச்சுப் போடும் நாத்தனாருக்கென்று பெண் வீட்டார் தட்டில் வைத்திருந்த மாம்பழ நிறப் பட்டும் சுதாவுக்கே போனது. சாயங்காலம் அவள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“நீயே வச்சுக்க எலக்கியா. ஒனக்கு வந்ததுதானே.”

“முடிச்சுப் போட்டவளுக்கு வந்தது.”

“கோவமா?”

“இல்ல.”

சுதா நல்லவள். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் இந்த ஐந்து வருடமும் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கிழிந்த ஜாக்கெட்டோடு செல்வி அக்கா கடைக்குச் சண்டைக்குப் போனேன். அவர் ஜாக்கெட்டையும் என் வரைபடத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டேப்பை என் கையில் கொடுத்தார்.

“அள.”

அளந்தேன். கிழியாத பக்கத்தில் ஒவ்வொரு எண்ணும் அப்படியே இருந்தது. தொழில் தர்மப்படி ‘சரி’ கூடையில்தான் போட முடியும்.

“வேற எதுவும் தைக்கணுமாத்தா?” என்றார். அந்த வரைபடம் இன்றும் அவர் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அளவு ஜாக்கெட் கொண்டுவராதவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறாராம்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. நாற்பதாவது நாள் திருச்சி ஏர்போர்ட்டில் அவன் உள்ளே போகும்போது கையை உயர்த்தி டாட்டா காட்டினேன். திரும்பிப் பார்த்து, “அட, இப்ப வருதே!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இது குடும்பச் சொத்தானது. அப்பா ஃபிரிட்ஜ் வாங்கியபோது, மாமா பழைய கார் பார்த்தபோது, எனக்கு வந்த வரனின் ஜாதகத்தைப் பிரித்தபோது, யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “எதுக்கும் கையத் தூக்கிப் பாத்தியா?”

இப்போது என் பீரோவில் இருக்கிற ஜாக்கெட்டுகள் எல்லாம் மறுபடி சுதாவின் அளவில் தைத்தவை. தோளில் வழிகின்றன. இழுத்து விட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகளுக்கு ஒன்றரை வயது. என்னைப் பார்த்ததும் பெரியம்மா அவளை நடுக்கூடத்தில் நிறுத்தினார்.

“சுதா அத்தை எப்புடிச் செஞ்சாங்க?”

குழந்தை இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் முடிச்சுப் போட்டது.

“எலக்கியா அத்தை எப்புடி நின்னாங்க?”

குழந்தை கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கழுத்தை விறைத்து, கண்ணை அகல விரித்து நின்றது. வீடு சிரித்து ஓய்ந்தது. அண்ணிதான் அதிகமாகச் சிரித்தார்.

குழந்தைக்கு இன்னும் என் பெயர் சொல்ல வராது. நான் நின்ற விதம் வந்துவிட்டது. அளவு கொஞ்சம்கூடத் தப்பவில்லை.